செத்தவர்களுக்கு வைத்த வெந்நீர்

நீராவிக் குடிலிலிருந்து வந்த அடிச் சத்தம் நிதானமாகக் கேட்டது.

ஹெல்வே அடுப்படியில் வாற்கோதுமைக் கஞ்சியைக் கிளறிக்கொண்டிருந்தாள். புருஷன் எந்தல் முற்றத்துக்கு அப்பால் குடிலுக்குள் தனியாக இருந்தான். சூட்டில் உட்கார்ந்து பிர்ச் மர இலைக்கொத்தால் உடம்பைத் தட்டிக்கொள்வது தாம்மிக்கு என்ற அந்த ஊரில் எல்லோரும் செய்வதுதான், சடசடவென்று கேட்கும். இது அப்படியில்லை. ஓர் அடி. மூச்சு வாங்கி, இன்னோர் அடி.

அன்று நவம்பரில் வரும் செத்தவர்களின் நாள். வீட்டார் குளித்து முடித்ததும் செத்துப்போனவர்களுக்கென்று வெந்நீரும் புது இலைக்கொத்தும் வைத்துவிட்டு, கதவைத் தாழிடாமல் வந்துவிட வேண்டும். அதன்பிறகு உயிரோடிருப்பவர் உள்ளே போகக்கூடாது. எஸ்தோனியாவில் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூட இது தெரியும். எந்தல் கேலி பேசிக்கொண்டே போனான்.

"புதுக் கணப்புடி, இன்னும் கொதிக்குது. செத்தவங்களுக்கு எதுக்கு இவ்வளவு சூடு?"

"வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரு. வந்து நிக்கிறவங்க காதுல விழப்போகுது."

"விழட்டுமே. அப்படியே முதுகு தேய்ச்சுவிடச் சொல்றேன்!"

குடிலைச் சூடேற்றும் அந்தக் கல் கணப்புதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. 1905இல் ஊரே திரண்டு ஜெர்மன் பிரபுவின் மாளிகையைக் கொளுத்திய பிறகு, அதன் கல் இல்லாத கட்டடமே தாம்மிக்குவில் கிடையாது. பள்ளிக்கூடம், பால்பண்ணை, பன்றிக்கொட்டில் எல்லாம் அந்தக் கல்தான். குதிரை லாயத்துக் கல்லை மட்டும் எவனும் தொடவில்லை. சனிக்கிழமைதோறும் குடியானவர்களை வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருவராகப் படுக்கவைத்து, ஆளுக்குப் பதினைந்து என்று விளாரால் அடித்த இடம் அது. அடித்தவன் பிரபுவா? அவர் ஏன் கையை நோகடித்துக்கொள்கிறார்? அடித்தவன் கங்காணி, எந்தலின் முப்பாட்டன். "எங்க ஆளு வேலை பார்த்த இடம், எனக்குப் பாத்தியதை இருக்கு" என்று சிரித்துக்கொண்டே போன கோடையில் இரண்டு வண்டிக் கல் ஏற்றிவந்து கணப்பைக் கட்டினான். படுபாவி, அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடி இப்போது ஓங்கி விழுந்தது. கூடவே ஒரு குரல்.

"பதினாலு."

எந்தலின் குரல்தான். அழுகிற குரல்.

மாலை நாலரைக்கே கும்மிருட்டு. லாந்தரை எடுத்துக்கொண்டு ஓடினாள். குடிலிலிருந்து பிர்ச் இலை வாசனையோடு ஈரக் குதிரையின் வாடையும் புளித்த வைக்கோல் வாடையும் கலந்து வந்தன. ஊரில் குதிரை போய் முப்பது வருஷமாகிறது. புல்மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தது. அதில் வெறுங்கால் தடங்கள். இடிந்த மாளிகைப் பக்கமிருந்து வேலியைக் கடந்து குடில் வாசல்வரை, ஒரு ஜோடிக்குப் பின்னால் ஒரு ஜோடி.

நடந்த தடங்கள் இல்லை. நின்ற தடங்கள்.

ஓரமாக ஒதுங்கி ஓடிக் கதவைத் தள்ளினாள்.

எந்தல் அம்மணமாக நின்றிருந்தான். கையிலிருந்த கொத்தில் ஓர் இலைகூட மிஞ்சவில்லை, வெறும் விளார். எதிரே, குளிக்கிறவர் படுக்கும் பலகை காலி. ஆனால் பலகை நடுவில் வளைந்து கிடந்தது. அடி விழுந்தபோது அது நடுங்கியது.

"பதினஞ்சு. ஹெல்வே... கை நிக்க மாட்டேங்குதுடி."

"கீழ போடு! போட்டுட்டு வா!"

"விரல் பிரியல. எத்தனை பேரு நிக்கிறாங்க வெளியே?"

இரண்டு கைகளாலும் அவன் மணிக்கட்டைப் பிடித்துத் தொங்கினாள். அந்தக் கை அவளையும் சேர்த்துத் தூக்கியது. மூலையில் போய் விழுந்தாள்.

பலகை நிமிர்ந்தது. இறங்கிவிட்டார் யாரோ. வெளியே, லாந்தர் வெளிச்சத்தில், பனி மெல்ல நொறுங்கியது. வரிசை முழுவதும் ஓரடி முன்னால் வந்தது.

வாசற்படியில் ஈரத் தடம் ஒன்று பதிந்தது. அப்புறம் இன்னொன்று. அவள் உள்ளங்கை அளவுகூட இல்லை.

"ஐயோ, இது வேண்டாம்" என்று எந்தல் கதறினான். "இது சின்னது. ஹெல்வே, இது ரொம்பச் சின்னது!"

பலகை வளையவே இல்லை. லேசாக முனகியது.

அவன் கை உயர்ந்தது.

"ஒண்ணு."