கோட்டில் கறுத்த புள்ளி

ஆய்வகத்தில் போடும் வெள்ளைக் கோட்டை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது என்பது அவள் கணவன் போட்ட சட்டம். அங்கே அவன் தலைமை ஆய்வாளன், அவள் உதவியாளர். சனிக்கிழமை மதியம் மழைக்குப் பயந்து கோட்டோடே ஓடி வந்துவிட்டாள். படுக்கையறையில் அதைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தலை துவட்டித் திரும்பியபோது, கோட்டில் குத்தியிருந்த வில்லையின் மஞ்சள் புள்ளி கறுத்திருந்தது.

கார்பன் மோனாக்சைடு பட்டால் கறுக்கும் புள்ளி அது. மணமோ நிறமோ இல்லாத அந்த வாயு அளவு மீறினால் கன்னத்தையும் உதட்டையும் சிவக்கவைத்து ஆளைக் கொல்லும். துளியளவு கொடுத்தால் குடலில் கசியும் ரத்தத்தை நிறுத்துமா என்பதுதான் அவர்களது ஆராய்ச்சி. இதுவரை எலிகளோடு சரி.

அவளுக்கும் குடலில் புண். இரண்டு மாதம் மலத்தோடு போய்க்கொண்டிருந்த ரத்தம் மூன்று வாரமாக நின்றிருந்தது. கணவன் தந்த மாத்திரையின் மகிமை என்று பார்ப்பவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டாள். தினமும் வந்த தலைவலிக்கு மழையைத் திட்டினாள்.

ஈரத்துணி வாடை, ஜன்னலில் அறையும் மழை, அதற்கும் அடியில், கட்டிலின் தலைமாட்டுக்குப் பின்னாலிருந்து, யாரோ பல்லிடுக்கில் மூச்சு விடுவதுபோல ஒரு சீறல். கட்டிலை இழுத்தாள். சுவரோரம் பென்சில் பருமனில் ஒரு குழாய். அதில் ஒட்டிய சீட்டில் அவன் கையெழுத்து: நோயாளி.

பதினோரு வருடம் கூட வாழ்ந்தவளுக்கு இதுதான் பெயரா? கேட்டிருந்தால் சரியென்றுதான் சொல்லியிருப்பாள். அதுதான் அவளை அறுத்தது.

குழாய் அங்கே முடியவில்லை. இன்னொரு கிளை சுவரைத் துளைத்து அடுத்த அறைக்குள் போனது. மகள் மதியம் தூங்கும் அறை.

சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கால்கள் கனத்தன. கதவைத் தள்ளினாள்.

"குட்டி."



மகளின் கன்னங்கள் அழகாகச் சிவந்திருந்தன. உதடுகளும். பக்கத்தில் வாயு முகமூடியோடு அவன், குழந்தையின் மார்பில் கைவைத்தபடி.

"இவளுக்கு என்னங்க நோய்?"

"ஒண்ணும் இல்லம்மா. அதனாலதான். ஒப்பிட்டுப் பாக்க நல்ல உடம்பு ஒண்ணு வேணும்ல." அவன் திரும்பவில்லை. "இரு, மூச்சை எண்ணிட்டிருக்கேன்."

அவள் முழங்கால் மடங்கியது. தரை. கை நீளவில்லை. குரல் வரவில்லை.

"ஒன்பது" என்றான்.

பத்துக்காகக் காத்திருந்தான்.

காத்திருந்தான்.