கழற்றிய கதவு

காலையில் கழற்றி வைத்த கதவு சாயங்காலம் நிலையில் மாட்டியிருந்தது.

தையல்காரி கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே வைக்கவும் மறந்து நின்றாள். சமையலறையை ஒட்டிய சாமான் அறை அது. ஜன்னல் கிடையாது, உள்ளே நின்றால் இரண்டு கையையும் முழுதாக விரிக்க முடியாது. மீதிச் சாமான்களை ஏற்றிவர லாரியில் கிளம்பும் முன் புருஷன் அந்தக் கதவைத்தான் முதல் வேலையாகக் கழற்றினான். இருவருமாகத் தூக்கிப்போய்ப் பின்பக்க மதிலில் சாய்த்தார்கள். திருகாணிகளை அவள்தான் ஒரு கிண்ணத்தில் போட்டு மேடையில் வைத்தாள். கிண்ணம் அங்கேயே இருந்தது. திருகாணிகளும் இருந்தன. ஆனால் கதவின் கீல்களில் வேறு திருகாணிகள். அவற்றின் தலைமேல் பழைய பச்சைப் பெயிண்ட், ஒரு கீறல்கூட விழாமல், வருஷக்கணக்காக யாரும் தொடாததுபோல.

வெளித் தாழ்ப்பாள் போட்டிருந்தது.

பகல் முழுதும் அவள் முன்னறையில் தரை கழுவிக்கொண்டிருந்தாள். மழைச் சத்தம் தவிர ஒன்றும் கேட்கவில்லை.

பூனை குட்டியைக் கவ்விக்கொண்டு அலைவதுபோல என்பார்கள். கல்யாணமான நாளிலிருந்து அவள் பிழைப்பு அதுதான். ஒரு வீட்டில் தண்ணீர் உப்பு என்றான், ஒரு வீட்டில் பக்கத்து நாய் குரைக்கிறது என்றான், இன்னொரு வீட்டில் காரணமே சொல்லவில்லை. விடிந்ததும் லாரி வந்து நின்றது. மற்றவர்கள் வருஷத்தை வைத்துக் காலத்தைச் சொல்வார்கள், அவள் வீட்டை வைத்துச் சொல்வாள். அப்பா போனது மாடி வீட்டில் இருந்தபோது. கரையான் வீட்டில் பீரோவைப் பிடித்து இறக்கிய அன்று வயிற்றில் இருந்தது கலைந்துபோனது. மறுநாளே அடுத்த வீட்டில் அடுப்பு மூட்டினாள். தெருவில் நாலு பேர் தைக்கக் கொடுத்து, அவர்கள் அளவு மனப்பாடமாகிற நேரத்தில் மூட்டை கட்ட வேண்டும். தைக்காத துணியைத் திருப்பிக் கொடுத்துத் தலைகுனிந்து நின்ற வாசல்கள் எத்தனையோ.

புருஷன் லிஃப்ட் மெக்கானிக். நடுவழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களை வெளியே எடுக்கிறவன். "உன் வீட்டுக்காரர் கைய கண்ல ஒத்திக்கணும்மா" என்று ஒரு பெரியம்மா சொல்லியிருக்கிறாள். அப்படிப்பட்டவன் குடிபுகும் எந்த வீட்டிலும் சாமான் அறைக்குக் கதவு இருக்காது. காற்று வரணும் என்பான். அவளும் நம்பினாள். கதவில்லாத அந்த அறைகளிலிருந்து சில நாட்களில் ஒரு வாடை கிளம்பும். மூடிப்போட்டு மறந்த தண்ணீரின் வாடை, அதற்கடியில் நெடுநாள் வாரப்படாத தலைமுடியின் வாடை. சுவரில் எலி பிறாண்டுவதுபோல ஒரு சத்தமும் வரும். வந்த வாரமே அவன் வேறு வீடு பார்த்திருப்பான்.

இந்த வீட்டில் அது ஒரு வாரம் காத்திருக்கவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் பிறாண்டல் கேட்டது. அவசரமே இல்லாமல், மேலிருந்து கீழாக. எலி அப்படிப் பிறாண்டாது. கை ஓயும்வரை ஒரு கோடு. பிறகு மூச்சு. பிறகு அடுத்த கோடு.

வாசலில் லாரி நின்றது. மெக்கானிக் மழையில் நனைந்தபடி மின்விசிறியைத் தூக்கிக்கொண்டு நேராகச் சமையலறைக்கே வந்தான். கதவைப் பார்த்தான். விசிறி கை நழுவித் தரையில் விழுந்து இறக்கை வளைந்தது.

"யாரு மாட்டுனா?"

"நான் மாட்டலைங்க."

"வா. கெளம்பு. லாரி நிக்குதுல்ல, அப்படியே ஏறு. வேற எடம் பாத்துக்கலாம்."

அவளுக்கு அழுகை வரவில்லை. இத்தனை வருஷத்துச் சலிப்பும் ஒன்றாகத் திரண்டு கால்களில் இறங்கிக் கனத்தது.

"நான் வரல. போதும். செத்தாலும் இந்த வீட்லதான்."

அவன் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. "அவளும் இதையேதான் சொன்னா."

"யாரு?"

அவன் கண் கதவுக்குப் போனது. அவனுடைய முதல் மனைவி காய்ச்சலில் போனதாகத்தான் அவளுக்குச் சொல்லிக் கட்டிவைத்தார்கள்.

"காய்ச்சல்னுதானே சொன்னீங்க?"

"மாற மாட்டேன்னு சாமான் ரூமுக்குள்ள போய் உக்காந்துகிட்டா. எனக்குக் கோவம். ஒரு ராத்திரி கெடந்தா புத்தி வரும்னு வெளிய தாப்பாளப் போட்டேன். சாமான ஏத்திட்டுப் போயிட்டேன். மறுநாளே வரத்தான் நெனச்சேன்... மழை. ரோடு அடைச்சுகிச்சு." அவன் பற்கள் கிட்டித்தன. "ரோடு தெறந்த அப்புறமும் போகல. போனா கத்துவாளேன்னு. நான் போனப்போ... வெரல்ல நகமே இல்ல."

கதவுக்குப் பின்னால் பிறாண்டல் நின்றது.

தாழ்ப்பாள் மெல்ல, எண்ணெய் போட்டதுபோல, தானாக விலகியது.

"நீ கொஞ்சம் தள்ளி நில்லும்மா." உள்ளேயிருந்து, குடம் வைக்க இடம் கேட்கிறவள் குரல். கோபம் இல்லை.

கதவு திறந்தது. இருட்டு. அந்த வாடை. மெக்கானிக்கின் கால்கள் தரையில் இழுபட்டன, யாரும் இழுக்கவில்லை. அவன் அவளை நோக்கிக் கையை நீட்டினான். எட்டும் தூரம்தான்.

"புடி! ஏய், கையப் புடி!"

அவள் தள்ளி நின்றாள்.

கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

உள்ளே அவன் இடித்தான். கத்தினான். அவள் பெயரைச் சொன்னான், அம்மாவைக் கூப்பிட்டான், கடவுளைக் கூப்பிட்டான். அவள் கை தாழ்ப்பாள் வரை போனது. இரும்பு ஐஸாய்க் குளிர்ந்தது. கரையான் வீட்டின் ஈரத் தரை நினைவுக்கு வந்தது. அதில் அவள் சுருண்டு கிடக்க, "சீக்கிரம், லாரிக்காரன் திட்டுறான்" என்று இவன் நின்ற நிற்பு.

கையை எடுத்துக்கொண்டாள்.

மழைச் சத்தத்தில் எதுவும் கேட்டிராத டிரைவர் வாசலிலிருந்து குரல் கொடுத்தான். "அக்கா, மழை வலுக்குது. சாமான எறக்கவா, வேண்டாமா?"

அவள் குரல் தெளிவாக வந்தது.

"எறக்குங்க. எல்லாத்தையும் எறக்குங்க."

கதவுக்கடியில் இருந்த இடுக்கில் மெக்கானிக்கின் விரல்கள் வெளியே வந்தன. கிரீஸ் கறை படிந்த விரல்கள். தரையைத் துழாவின. அவள் காலைத் தேடின.

அவற்றின் பின்னாலிருந்து இன்னொரு கை வந்தது. மெலிந்த கை. விரல் நுனிகளில் நகம் இல்லை. பதறாமல், உதிர்ந்த பூவைப் பொறுக்குவதுபோல, அவன் விரல்களை ஒவ்வொன்றாகத் தரையிலிருந்து எடுத்து உள்ளே வைத்துக்கொண்டது.