ஆறாம் கட்டில் மணி

பூம்பாறை பஸ், மதுரை மெக்கானிக் உபகாரத்தை மிஷன் ஆஸ்பத்திரி கேட்டில் இறக்கிவிட்டுப் போனபோது மணி இரண்டுதான். ஆனால் மூடுபனி இறங்கி, எதிரே இருந்த யூகலிப்டஸ் மரங்களில் முதல் வரிசைக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. எண்பத்தேழாம் வருஷத்து நவம்பர் மழை. எங்கோ மரம் சாய்ந்து மூன்று நாளாகக் கரண்ட் இல்லை. அவன் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஈரப் படிகளில் ஏறினான். உள்ளேயிருந்து டெட்டால் வாடையும் நனைந்த கம்பளி வாடையும் வந்தன.

இப்படிக் கரண்ட் போகும் நாட்களுக்காகத்தான் அவனைப் பிடித்திருந்தார்கள். மதுரையில் சின்னப் பட்டறை வைத்திருந்தவன், இங்கே நெஞ்சுநோய் வார்டின் எட்டுக் கட்டில்களுக்கும் எட்டு மணிப் பெட்டிகள் செய்து கொடுத்திருந்தான். நோயாளி பித்தானை அமுக்கினால் நர்ஸ் அறையில் மணி அடிக்கும். எந்தக் கட்டில் என்று ஒரு சின்ன விளக்கும் எரியும். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் மூளையாக ஒரு மைக்ரோகண்ட்ரோலர், விரல் நீள ஐ.சி. அதன் பெருமையே தூக்கம்தான். யாரும் கூப்பிடாதவரை தூங்கும். தூங்கும்போது கரண்ட் குடிப்பதே தெரியாது. பித்தானை அமுக்கினால் விழித்து, மணியை அடிக்கச் சொல்லிவிட்டு, மறுபடி படுத்துக்கொள்ளும். நாலு டார்ச் செல் ஒரு வருஷம் வரும் என்று உபகாரம் மார்தட்டியிருந்தான். ஏழு பெட்டிகள் அவன் பேச்சைக் காப்பாற்றின. ஆறாம் கட்டில் பெட்டி மட்டும் பத்தே நாளில் செல்லைத் தின்று தீர்த்தது.

"மூணு தடவ புது செல் போட்டாச்சு சார்," என்றாள் வார்டின் தலைமை நர்ஸ் சிஸ்டர் செல்வமேரி. "பத்து நாள் தாண்டலை."

"அந்தக் கட்டில்ல இப்ப யாரு இருக்காங்க?"

"ஆகஸ்ட்ல இருந்து யாரும் இல்ல."

ஆகஸ்டில் அந்தக் கட்டிலில் அமலி என்ற பெண் இறந்துபோனாள். பத்தொன்பது வயது. அவளுடைய அம்மா கித்தேரியம்மாள் இதே வார்டில் பகல் ஆயா. ராத்திரியில் உறவுக்காரர்கள் வார்டுக்குள் தங்கக் கூடாது என்பது ஆஸ்பத்திரிச் சட்டம். அதனால் நர்ஸ் அறையில், மணிக்கு நேர் கீழே பாய் விரித்து, காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தாள். மணி அடிக்கவே இல்லை. விடிந்து போய்ப் பார்த்தால் பிள்ளை சில்லிட்டுக் கிடந்தது.

"அன்னைல இருந்து கித்தேரி எல்லார்கிட்டயும் ஒரே கேள்விதான் கேக்குறா சார். என் பிள்ள கூப்பிட்டாளா, இல்லையான்னு." சிஸ்டர் வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "நான் சொல்லல. முதல்ல பார்த்தது நான்தான். வெரலு பித்தான் மேலயே வெறச்சுக் கெடந்துச்சு. அவ வர்றதுக்குள்ள கையை எடுத்துப் போர்வைக்குள்ள வச்சிட்டேன்."

உபகாரம் தோளிலிருந்து பையை இறக்கி வைத்தான். அந்தப் பெண் கூப்பிட்டிருக்கிறாள். பெட்டி செத்துக் கிடந்திருக்கிறது. செய்தவன் அவன்.

ஆறாம் கட்டிலில் மெத்தை மட்டும் கிடந்தது. மற்ற ஏழு பேரும் போர்வைக்குள் சுருண்டிருந்தார்கள்; யாரோ நெடுநேரம் இருமி அடங்கினார்கள். உபகாரம் நர்ஸ் அறை மணிக்குப் போகும் வயரைக் கழற்றிவிட்டு, பையிலிருந்து புதுச் செல்களை எடுத்து, நடுவே மீட்டரைக் கோத்துப் பெட்டிக்குக் கொடுத்தான். முள் பதினைந்து மில்லி ஆம்பியரில் போய் நின்றது. தூங்குகிற பெட்டி அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடக் குடிக்கக் கூடாது. இது கோழித் தூக்கம்கூடத் தூங்கவில்லை. விழிப்பதும், யாரும் கூப்பிடவில்லை என்று பார்ப்பதும், படுக்கப் போன கணத்திலேயே மறுபடி விழிப்பதுமாக இருந்தது.

அவனுக்கு ஒரு பயம் மதுரையிலிருந்தே கூட வந்திருந்தது. ஐ.சி.யில் வேலையில்லாத மூன்று கம்பிக் கால்களை எதிலும் கட்டாமல் அப்படியே விட்டிருந்தான். மதுரை வெயிலில் அது ஒன்றும் செய்யாது. மலைப் பனியின் ஈரத்தில் அந்த அனாதைக் கால்கள் எங்கிருந்தாவது கரண்டைப் பிடித்துக்கொண்டு ஆடி, பெட்டியைத் தூங்க விடாது. ஆண்டவரே, அதுவாக இருக்கக் கூடாது என்று முனகியபடி, மண்ணெண்ணெய் அடுப்பில் சூடாக்கிய ஈயப் பற்றவைப்புக் கோலால் மூன்றையும் ஒவ்வொன்றாகப் எர்த் கம்பியோடு சேர்த்தான்.

முள் பதினைந்திலிருந்து அசையவில்லை.

தப்பு அவனுடையது இல்லை. சிறுபிள்ளை மாதிரி அவனுக்குக் கண் கலங்கியது. பிறகு பலகையை முழுதாகக் கழற்றிக் கவிழ்த்தான். செல் அறையின் ஓட்டை வழியே நழுவி, பலகைக்கு அடியில் போய்ச் சிக்கியிருந்தது ஓர் அலுமினிய மாதா டாலர், நீலநூல் கட்டியது. பெட்டியை விழிக்க வைக்கும் காலின் மேல் அது சப்பென்று ஒட்டிக் கிடந்தது. இடுக்கியால் எடுத்துக் கட்டிலோர மேசையில் வைத்தான். முள் சரிந்து பூஜ்யத்தில் படுத்தது.

பெட்டி தூங்கியது. வார்டும் என்னவோ அமைதியாக இருந்தது. இருமல்கூட இல்லை.

முள் எழுந்தது.

எழுந்து, கொஞ்ச நேரம் நின்று, படுத்தது. ஈரமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வேட்டித் துண்டால் பலகையைத் துடைத்தான். மறுபடி எழுந்தது. அப்போதுதான் அவன் பார்வை கட்டில் கம்பியில் தொங்கிய பித்தானுக்குப் போனது.

பித்தான் உள்ளே போயிருந்தது.

யாரும் தொடவில்லை. அது அமுங்கியபடியே நின்றது. பிறகு மெதுவாக வெளியே வந்தது. மறுபடி அமுங்கியது.

மெத்தையின் ஓரம் அவன் முழங்காலுக்குப் பக்கத்தில் லேசாகப் பள்ளம் விழுந்திருந்தது. குளிர்காலத்தில் தண்ணீரில் முக்கி எடுத்த கை எப்படி இருக்குமோ, அப்படி ஒரு சில்லிப்பு அங்கிருந்து வந்தது. உபகாரம் செல்களைப் பிடுங்கினான். பித்தான் வயரையும் உருவி எறிந்தான்.

"சார்."

பின்னால் கித்தேரியம்மாள் நின்றாள். ஒல்லியான உடம்பு, கையில் காப்பித் தம்ளர். அவள் பார்வை மேசைமேல் இருந்த டாலரின் மேல் விழுந்தது.

"இதத் தேடாத எடமில்ல," என்று எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "இந்தக் கட்டில்ல பிள்ளயச் சேத்த அன்னைக்கு நான்தான் சார் செல்லு மூடியத் திறந்து உள்ள போட்டேன். நான் அசந்துட்டாலும் மாதா கேக்கட்டும்னு. பொறவு திறந்து பார்த்தா காணோம்." அவள் சட்டென்று நிமிர்ந்தாள். "அதனால எதுவும் கெட்டுப்போச்சா?"

உபகாரம் இடுக்கியைப் பைக்குள் போட்டான். உண்மையைச் சொன்னால் இந்தப் பொம்பளை இந்த நிமிஷமே செத்துப்போவாள். தப்பைத் தன் தலையில் போட்டுக்கொள்ளலாம். ஆனால் பிள்ளை கூப்பிட்டும் கேட்கவில்லை என்பது மாறாது.

"இல்லம்மா. அது பாட்டுக்கு ஓரமாத்தான் கெடந்துச்சு. பெட்டி நல்லாத்தான் இருந்திருக்கு. கரண்ட் கொஞ்சம் அதிகமாக் குடிச்சிருக்கு, அம்புட்டுதான்."

"அப்ப அவ அமுக்கியிருந்தா எனக்குக் கேட்டிருக்குமா?"

"கேட்டிருக்கும்."

"அப்ப..."

"அவ கூப்பிடவே இல்லம்மா. தூக்கத்துலயே போயிட்டா. நோவு தெரியாமப் போயிட்டா."

கித்தேரியம்மாள் தம்ளரை வைத்துவிட்டு, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். மூன்று மாதமாக இறுகிக் கிடந்த தோள்கள் தளர்ந்தன. "தூங்கிட்டாளா, என் கண்ணு தூங்கிட்டாளா" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். பொய் சொன்னதற்காக உபகாரம் அன்று வருத்தப்படவில்லை. ஜென்மத்தில் தான் செய்த நல்ல காரியம் இது ஒன்றுதான் என்றுகூட அந்தக் கணத்தில் தோன்றியது.

நர்ஸ் அறையில் மணி அடித்தது.

விட்டுவிட்டு இல்லை. ஒரே மூச்சாக, விடாமல்.

"எந்தக் கட்டில்?" என்று சிஸ்டர் அங்கிருந்து கேட்டாள். பதில் வேண்டியிருக்கவில்லை. அவளே பார்த்திருக்க வேண்டும். திறந்த கதவு வழியே உபகாரத்துக்கும் தெரிந்தது. ஆறாம் எண் விளக்கு எரிந்தது. நாலு செல்லும் அவன் கையில் இருந்தன. வயர்கள் இரண்டும் தரையில் கிடந்தன.

கித்தேரியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். விளக்கைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"கூப்பிடலன்னீங்களே சார்."

அவன் கையிலிருந்த செல்களைக் குனிந்து பார்த்தான்.

"இந்தா வந்துட்டேன்டி," என்று அவள் கட்டிலில் ஏறி உட்கார்ந்து, பித்தானை உள்ளங்கைக்குள் பொத்திப் பிடித்தாள். மணி நின்றது. வார்டில் ஏழு பேரும் எழுந்து உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துச் சிஸ்டர் வந்து, "எந்திரி கித்தேரி, வெளிய போவோம்," என்று தோளைத் தொட்டாள். கித்தேரியம்மாள் பித்தானிலிருந்து கையை எடுத்தாள்.

மணி அடித்தது.

மறுபடி பொத்தினாள். நின்றது.

"பிள்ள கையெல்லாம் சில்லுனு கெடக்கு சிஸ்டர்," என்றாள் கித்தேரியம்மாள், யாரையோ எழுப்பிவிடக் கூடாதே என்பதுபோல மெல்ல. "நீங்க போங்க. அவ தூங்கட்டும். அதுவரைக்கும் நான் இங்கனதான் இருக்கேன்."

கீழே போகும் ஆறு மணி பஸ் கேட்டில் ஹாரன் அடித்து, ஆள் வராததால் கிளம்பிப் போன பிறகும் அவளால் கையை எடுக்க முடியவில்லை.