விட்டுக்கொடுக்காத இருக்கை

காபி ஆறி ஆடை படிந்துவிட்டது. நாத்தனார் அதைத் தொடவில்லை. நாற்பது நாள் குழந்தையோடு நேற்று மாலை வந்து இறங்கியவள், வந்தது அண்ணன் வீட்டுக்குத்தான், அண்ணி வீட்டுக்கு அல்ல என்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"குழந்தையைக் குடு... நீ போய்க் குளிச்சிட்டு வா" என்று அண்ணி கை நீட்டினாள்.

"வேணாம். வேணுங்கிற நேரத்துல வராதவங்க, இப்ப மட்டும் எதுக்கு?"

நீட்டிய கையை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

பத்து வயதில் தாயில்லாமல் நின்ற பெண் இவள். தலை பின்னி, பரீட்சைக்கு எழுப்பிவிட்டு, நல்ல இடத்தில் கட்டிக்கொடுத்ததெல்லாம் அண்ணிதான். தனக்கென்று ஒரு பிள்ளை இல்லாத குறைகூட அந்தப் பரபரப்பில் அவளுக்கு மறந்து போயிருந்தது. அப்படிப்பட்டவள் பிரசவத்துக்கு வரவில்லை என்று இப்போது பெயர்!

மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை. துணைக்கு அண்ணியை விட்டால் ஆளில்லை. நாத்தனார் இருந்த ஊருக்குப் போக அண்ணி விமான நிலையம் வரை போனாள். டிக்கெட்டைக் கூடுதலாக விற்றுவிட்டோம், இடமில்லை, நாளைக்குப் போங்கள் என்று கவுண்டரிலேயே நிறுத்திவிட்டார்கள். அன்றைக்கே வலி கண்டு, ஆபரேஷனுக்குத் தானே கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனாள் நாத்தனார்.

இதை யார் நம்பினார்கள்? கட்டிய கணவரே நம்பவில்லை. "இருபது வருஷமா பஸ் ஓட்டுறேன். டிக்கெட் வாங்கின ஒருத்தரைக்கூட விட்டுட்டு வந்ததில்ல. இடமில்லேன்னா நின்னுக்கிட்டு வருவாங்க" என்றார். விமானத்தில் நின்றுகொண்டு போக முடியாது என்பதை அந்த மனிதருக்கு யார் எடுத்துச் சொல்வது?

அதற்கு முந்தின வாரம் அண்ணிக்கும் நாத்தனாருக்கும் போனில் சின்ன மனஸ்தாபம் வேறு. சந்தேகத்துக்கு அது போதாதா? போதாக்குறைக்கு, நஷ்டஈடு கேட்டு அண்ணி போட்ட புகாருக்கு, 'பயணி தாமாகவே முன்வந்து இருக்கையை விட்டுக்கொடுத்தார்' என்று பதில் வந்தது. கீழே அவள் கையெழுத்து! மறுநாள் விமானத்தில் இடம் வேண்டுமென்றால் போடுங்கள் என்று நீட்டிய தாளில், பதற்றத்தில் படிக்காமல் போட்டது.

"இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" என்று கணவர் அன்று கேட்டார். அவள் வாதாடவில்லை. கவுண்டர் கேமராவில் பேச்சோடு பதிவானதைப் போட்டுப் பாருங்கள் என்று மறுபடியும் எழுதினாள். பணம் வராமல் போகட்டும், உண்மை வந்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

இப்போது, வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கணவரின் போனில் மெசேஜ் வந்து மணி அடித்தது; புகாரில் அவள் அவர் நம்பரைத்தான் கொடுத்திருந்தாள். "உன் பிளேன்காரன்தான்" என்று முணுமுணுத்துக்கொண்டே சத்தமாகப் படித்தார்.

"'மறு விசாரணையில், பயணி தம் விருப்பத்துக்கு மாறாகவே நிறுத்தப்பட்டார் எனத் தெரிகிறது. என் மகள் பிரசவத்துக்குத் தனியாக இருக்கிறாள் என்று அவர் மூன்று முறை மன்றாடியும் அனுமதி மறுக்கப்பட்டது. வருந்துகிறோம். உரிய நஷ்டஈடு...'"

அவர் நிறுத்தினார். நெற்றி சுருங்கியது. "மகளா? நமக்கு ஏது மகள்? இது வேற யாரோட கேஸோ... இல்ல, நீதான் பொய் சொன்னியா?"

"பொய்யின்னு நினைச்சு சொல்லலீங்க" என்றாள் அவள். "அந்த நேரத்துல வாயில அதான் வந்துச்சு."

நாத்தனார் மெல்லத் திரும்பினாள். "அண்ணி... இதை ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னேனேம்மா... ஆஸ்பத்திரிக்கு வந்து உன் கட்டில் பக்கத்துல நின்னு சொன்னேன். சுவத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டே. இன்னிக்கு முன்னப்பின்ன தெரியாத ஒருத்தன் எழுதினதும் நம்புறே."

இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததெல்லாம் கண்ணீராகக் கொட்டியது. நாத்தனார் ஓடி வந்து குழந்தையை அவள் கையில் வைத்தாள். அவள் தோளிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பினாள். இந்தச் சத்தத்தில் குழந்தையும் வீறிட்டது.

கணவர் தலையைச் சொறிந்தார். "வந்து... பேங்க் விவரம் கேக்குறான், என்ன எழுத..."

"அதை அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள் அவள், கண்ணைத் துடைக்காமலே. "இங்க ரெண்டு குழந்தைங்க அழுவுது. கொஞ்சம் பேசாம இருங்க."