அழைப்பிதழில் பெயர் இல்லாதவர்கள்

அன்றைக்கு இரண்டாவது முறையாக நிலா மேற்கே உதித்தபோது, இசக்கிமதி மூன்று மணி நேரத்துக்கான காற்றை முதுகில் மாட்டிக்கொண்டு அலுவலகத்துக்குக் கிளம்பினாள். செவ்வாயில் பிறந்தவர்களுக்கு அது செருப்பு மாட்டுகிற மாதிரிதான். மாட்டியதையே மறந்துவிடுவார்கள்.

அவள் ஊர் செம்மேடு. கண்ணாடிக் குமிழி ஒன்றுக்குள் தொள்ளாயிரம் பேர். அலுவலகம் மட்டும் குமிழிக்கு வெளியே. நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் நெல்லைச் சீமையிலிருந்து வந்து குடியேறியவர்களின் வாரிசுகள். சுவாசிக்கிற காற்றை மாற்றிக்கொண்டார்களே தவிர, பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை. இப்போது அங்கிருந்தும் ஆள் கிளம்பியாயிற்று. நாலு எழுத்துப் படித்தவனெல்லாம் வியாழனின் நிலாக்களுக்கு வேலைக்குப் போய், அங்கேயே வீடும் கட்டிக்கொண்டு, “ஊருக்கு ஒரு நடை வரணும்” என்று வருடம் தவறாமல் சொல்லிக்கொண்டிருந்தான்.

சொன்னால் போதாது என்றது விண்கலத் துறை. வருகிற அம்மன் கோயில் கொடைவிழாவுக்கு வெளியிலிருந்து முந்நூறு பேராவது இறங்காவிட்டால், இனிமேல் கலம் செம்மேட்டில் நிற்காது. கலம் நிற்காவிட்டால் மருந்து வராது. காற்று வடிக்கும் எந்திரத்துக்கு உதிரிபாகம் வராது. ஒரே வருடத்தில் ஊரைக் காலி செய்ய வேண்டியதுதான். ஆட்களை இழுக்கட்டும் என்று அரசு பெரிய மனது பண்ணி ஒரு விழா நிதியையும், உதவிக்கு ஓர் இயந்திரனையும் அனுப்பியிருந்தது. இரண்டும் விழாப் பொறுப்பாளரான இசக்கிமதியின் தலையில் விழுந்தன.

இயந்திரனின் பெயர் நுண்மதியன். மனித மனத்தை அலசி ஆராய்வதில் சூரன் என்று சான்றிதழோடு வந்தவன். அவன் சொற்படி குமிழிக்குள் செயற்கை மழை பெய்தது. மண்வாசனை தெளிக்கப்பட்டது. எடையற்று மிதக்கும் ராட்டினம் சுற்றியது. நிதி முக்கால்வாசி கரைந்தபோது, வருவதாகப் பதிவு செய்திருந்தவர்கள் பதினேழு பேர்.

அந்தப் பதினேழில் அவளுடைய அண்ணன் ஆவுடையப்பன் இல்லை. கனிமீடு நிலாவில் பனிச்சுரங்க மேலாளர். ஊர்ப்பக்கம் வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. அம்மா இறந்தபோதுகூட அவனுடைய ஒளிவடிவம்தான் வந்து தலைமாட்டில் நின்று அழுதது. அந்த ஆத்திரம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

கடைசி நம்பிக்கை அழைப்பிதழ். செம்மேட்டு அழைப்பிதழில் அம்மன் பெயர் ஒரு வரியில் அடங்கிவிடும். ஊர்க்காரர்களின் பெயர்கள்தான் முழம் முழமாக நீளும். நுண்மதியன் அதைச் சுருக்கமாக அமைத்து, வியாழன் பக்கம் அனுப்பிவிட்டு, பிறகு அவளிடம் காட்டினான்.

“ஏல, பாதிப் பேரு இல்லையே! எங்கண்ணன் பேரு எங்க?”

“பத்து ஆண்டுகளாக வராதவர்களை நீக்கினேன், அம்மா. வராதவர்களின் பெயரால் யாருக்கு என்ன பயன்? எழுத்தும் பெரிதாகத் தெரிகிறது.”

இசக்கிமதி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். “குடியக் கெடுத்தியே, பாவி! இனி ஏழு தலைமுறைக்கு இந்தப் பக்கம் தலவச்சுப் படுக்க மாட்டானுவ.”

திரும்பக் கூப்பிடவும் வழியில்லை. ஒளியே போய்ச்சேர முக்கால் மணி நேரம் பிடிக்கும் தூரம். எல்லாப் பெயர்களையும் சேர்த்து, மன்னிப்பும் கேட்டு, அவள் புது அழைப்பிதழை எழுதி முடிப்பதற்குள் முதல் பதில் வந்துவிட்டது. திரையில் ஆவுடையப்பன் முகம் கொதித்துக்கொண்டிருந்தது.

“அந்தப் பக்கத்து வீட்டுச் சொள்ளமாடன் பேரு இருக்கு, எம்பேரு இல்லையா? நான் என்ன செத்தா போனேன்? வாரேன்ட்டி. நேர்ல வந்து நாலு பேரு முன்னாடி நாக்கப் புடுங்குத மாதிரி கேக்கேன்!”

அடுத்தடுத்துப் பதில்கள் குவிந்தன. எல்லாம் ஏச்சு. நுண்மதியன் பணிவாகத் தலைகுனிந்து, “திருத்திய அழைப்பிதழை அனுப்பிவிடட்டுமா?” என்றான்.

இசக்கிமதி பதிவுப் பலகையைப் பார்த்தாள். பதினேழு அறுபதாகியிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அறுபது நூற்றுப் பத்தானது. திருத்தத்தை அனுப்பினால் எல்லாருக்கும் மனம் குளிரும். குளிர்ந்தவன் வீட்டிலேயே இருந்துவிடுவான். அனுப்பாவிட்டால் அண்ணன் முகத்தில் விழிக்க முடியாமலும் போகலாம். ஆனாலும் அவள் இயந்திரனின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“இருல. அனுப்பாத.”

நாற்பதாம் நாள் கலம் வந்து நின்றது. கதவு திறந்ததுமே சத்தம்தான் முதலில் இறங்கியது. அதன் பின்னால் அறுநூற்றுப் பன்னிரண்டு பேர், மனைவி மக்களோடு, ஆளுக்கொரு அழைப்பிதழைக் கையில் ஆட்டிக்கொண்டு இறங்கினார்கள். முன்னால் வந்தவன் ஆவுடையப்பன். தலை நரைத்திருந்தது.

“எம்பேரு எங்கட்டி?”

“அம்மை சாவுக்கு வராதவன், பேருக்கு வந்துட்டியேண்ணே,” என்றாள் இசக்கிமதி.

அவன் கையிலிருந்த காகிதத்தை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். பிறகு எல்லார் முன்னாலும் குழந்தை மாதிரி விம்மிவிட்டான். அவளும் அழுதாள். இத்தனை வருட ஆத்திரம் அந்த இடத்திலேயே கரைந்தது. யாரோ மேளத்தைத் தட்டினார்கள்.

அப்படி ஒரு கொடை செம்மேட்டில் அதுவரை நடந்ததில்லை. முதல் நாள் முழுக்கச் சண்டை. இரண்டாம் நாள் சண்டை போட்டவர்கள் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள். மூன்றாம் நாள் ஏழு சம்பந்தம் பேசி முடிந்தது. ராட்டினத்தில் யாரும் ஏறவில்லை. ஏறுவதற்கு நேரம் இருந்தால்தானே! கலம் புறப்படும்போது விண்கலத் துறையின் ஆணையும் வந்தது. இன்னும் இருபது வருடத்துக்குச் செம்மேட்டில் கலம் நிற்கும். குமிழியே அதிரும்படி ஊர் கைதட்டியது. இசக்கிமதியைத் தோளில் தூக்கிவைத்து மூன்று சுற்றுச் சுற்றினார்கள்.

அன்று மாலை நுண்மதியன் அறிக்கையோடு வந்து நின்றான்.

“வியப்பாக இருக்கிறது, அம்மா. அழைப்பிதழில் பெயர் இருந்தவர்களில் முன்பே பதிவு செய்த பதினேழு பேர்தான் வந்தார்கள். மற்றவர்கள் வாழ்த்து அனுப்பிவிட்டார்கள். பெயர் விடுபட்டவர்களோ ஒருவர் பாக்கியில்லாமல் வந்துவிட்டார்கள். ஆகவே அடுத்த ஆண்டு எல்லாப் பெயர்களையும் நீக்கிவிடலாம். இரு மடங்கு கூட்டம் வரும்.”

இசக்கிமதி விழுந்து விழுந்து சிரித்தாள். “மனசப் படிச்சவன்னு ஒனக்கு எவன்ல சான்றிதழ் குடுத்தான்? எல்லார் பேரையும் எடுத்துட்டா எவனுக்குக் கோவம் வரும்? பக்கத்து வீட்டுக்காரன் பேரு கட்டாயம் இருக்கணும்!”