காயும்போது மேலே வரும்

சோபா மேலிருந்த பிளாஸ்டிக் விரிப்பை எடுத்தபோது, கறை தான் நினைத்திருந்ததைவிடப் பெரிதாக இருந்தது. ஷாஹிரா அதைத் தன் ஞாபகக் கோளாறு என்றே முதலில் எடுத்துக்கொண்டாள். பனிக்குடம் உடைந்து இரத்தமும் கசிந்த அன்று இதே சோபாவில்தான் உட்கார்ந்திருந்தாள்; வலியில் நெளிந்துகொண்டு, போனில் கணவன் ஹஸ்ருலைத் திட்டிக்கொண்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை எழுந்திருக்க முடியாமல். அந்த நேரத்தில் எவள் உட்கார்ந்து கறையை அளந்து பார்ப்பாள்? நடு இருக்கையில் ஒரு தட்டு அளவுக்கு இருந்தது என்றுதான் நினைவு. இப்போது அது இருக்கை முழுவதும் பரவி, சாய்மானத்தின் அடியைத் தொட்டிருந்தது.

பினாங்குத் தீவில், சுங்கை பினாங்கில் அந்த அடுக்குமாடி வீட்டை அவர்கள் வாடகைக்கு எடுத்தபோது சோபாவும் கூடவே வந்தது. சந்தன நிறத் துணி, மூன்று பேர் உட்காரலாம், கால்களோ தேக்கு மாதிரி கனம். வீட்டுக்காரம்மா சந்திரிகாவின் பொருள் என்பதால் தூக்கிப் போடவும் வழியில்லை. சுத்தம் செய்துதான் ஆக வேண்டும், அதுவும் ஞாயிற்றுக்கிழமைக்குள்.

ஃபேஸ்புக்கில் பார்த்து வரவழைத்த அலாவுதீன், வாயும் கையும் ஓயாத மனிதர். இயந்திரத்தை மின்தூக்கியிலிருந்து உருட்டிக்கொண்டு வரும்போதே எந்தெந்த வீட்டில் எந்தெந்த சோபாவைக் காப்பாற்றினார் என்று சொல்லிக்கொண்டே வந்தார். கறையைப் பார்த்ததும் குந்தி உட்கார்ந்து, விரலால் அழுத்தி, முகர்ந்து பார்த்தார்.

“ரெண்டு வழி இருக்கு, தங்கச்சி. ஒண்ணு நுரை. நுரையைப் போட்டு பிரஷ்ல தேச்சு வேக்கம் பண்ணிருவேன். மேல்துணி மட்டும்தான் நனையும், சாயங்காலமே காஞ்சிரும். இன்னொண்ணு, தண்ணி அடிச்சு உறிஞ்சி எடுக்கிறது. அது ஸ்பாஞ்சு வரைக்கும் இறங்கும். இந்த மழையில காய லேட்டாகும் லா. என்னைக் கேட்டா நுரையே போதும்.”

“நுரை போட்டா சுத்தமாயிருமா, அண்ணே?”

“பாக்க சுத்தமா இருக்கும்.”

“நான் கேக்கிறது அதில்ல. இது ரத்தம் பட்ட இடம். ஞாயித்துக்கிழமை பிள்ளைக்கு முடியெடுக்கிற அகீகா விருந்து. சொந்தக்காரங்க வந்து இதுலதான் உக்காருவாங்க, அதே துணியோட எழுந்து தொழுவாங்க. நஜீஸ் போகணும்ல.”

அலாவுதீன் தலையை ஆட்டினார். அவருக்கும் அது தெரியாததில்லை. அழுக்கு போவது வேறு, தீட்டு போவது வேறு. தண்ணீர் ஓடினால்தான் தீட்டு போகும்.

“அப்படின்னா தண்ணிதான். ஆனா ஒண்ணு சொல்லிர்றேன். ஸ்பாஞ்சு வரைக்கும் போனா உங்க கறை மட்டும் கிளம்பாது. பழசு எல்லாம் கிளம்பும். காயும்போது ஒவ்வொண்ணா மேல ஏறி வரும். இதுல யாரு என்னத்தக் கொட்டுனாங்கன்னு நமக்கு என்ன தெரியும்?”

“எல்லாம் வரட்டும், அண்ணே. அடியில எதுவும் இருக்க வேணாம்.”

பச்சைத் தண்ணீரைத்தான் ஊற்றினார். சூடு பட்டால் இரத்தம் துணியிலேயே பிடித்துக்கொள்ளும் என்றார். இயந்திரம் உறுமியது. கூடத்தின் நடுவே, உத்தரத்துக் கொக்கியில் ஸ்பிரிங் போட்டுத் தொங்கிய சாரோங் தொட்டிலில், பிறந்து இரண்டு வாரமே ஆன இஸ்ஸதி அந்தச் சத்தத்திலும் அசையாமல் தூங்கினாள். ஷாஹிரா வயிற்றுக்கட்டை இறுக்கிப் பிடித்தபடி, உறிஞ்சிய தண்ணீர் விழும் கண்ணாடித் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். முதலில் தேநீர் நிறம். பிறகு காப்பி. பிறகு சிவப்பு, அதுவும் நேற்று கொட்டியது போன்ற சிவப்பு. அலாவுதீன் அதைக் கழிப்பறையில் கொட்டிவிட்டு வந்து மறுபடி உறிஞ்சினார், மறுபடியும் அதே சிவப்பு வந்தது. அவருடைய கதைகள் எங்கேயோ நின்றுபோயிருந்தன.

“தங்கச்சி, பிரசவம் இங்கயே ஆயிருச்சா?”

“இல்ல அண்ணே. பெரியாஸ்பத்திரியில.”

அவர் தண்ணீர் தெளியும் முன்பே இயந்திரத்தை நிறுத்திவிட்டார். இதற்கு மேல் உறிஞ்சினால் துணி கிழியும், காற்றாடியைப் போட்டு விடுங்கள், கறை மேலே ஏறினால் வெள்ளைத் துணியை விரித்து அழுத்துங்கள், அது இழுத்துக்கொள்ளும் என்று மடமடவென்று சொல்லிவிட்டு, போட்டு வைத்த தேத்தண்ணியைக்கூடக் குடிக்காமல் கிளம்பினார்.

மதியம் மழை பிடித்தது. பக்கத்து அடுக்குமாடிகள் மறையும்படி சாரல் அடித்ததால் சன்னல்களைச் சாத்த வேண்டியிருந்தது. மூடிய கூடத்துக்குள் மேசைக்காற்றாடி தலையை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டு நனைந்த சோபாவின் வாடையை வீடு முழுக்கப் பரப்பியது. முதலில் ஈரத்தூசி வாடை. அதற்கடியில் பழைய இரும்பு வாடை. அதற்கும் அடியில், கொஞ்சம் பொறுத்து மூக்குக்கு எட்டிய, புளித்த தாய்ப்பாலின் வாடை. ஷாஹிரா தன் சட்டையைத் தொட்டுப் பார்த்தாள், காய்ந்துதான் இருந்தது.

வீட்டில் வேறு யாரும் இல்லை. அம்மா காமாரியா விருந்துக்கு ஏற்பாடு செய்ய பத்து காவான் ஊருக்குப் போயிருந்தாள், காலையில்தான் வருவாள். ஹஸ்ருலுக்கு நாசி கண்டார் சோற்றுக்கடையில் இரவு வரை வேலை. பிள்ளை பெற்றவளுக்கான நாற்பது நாள் பந்தாங் பத்தியம் என்பதால் ஷாஹிரா வாசற்படி தாண்டக்கூடாது, கனம் தூக்கக்கூடாது, தையல் பிரியும்படி குனியக்கூடாது. இத்தனை கூடாதுகளை அவளிடம் ஒப்பித்துவிட்டுத்தான் எல்லாரும் அவரவர் வேலைக்குப் போயிருந்தார்கள்.

அடுப்படியிலிருந்து குடிக்க வெந்நீரோடு வந்தபோது, இருக்கையில் கறை மறுபடி ஏறியிருந்தது. இதைத்தான் அண்ணன் சொன்னார் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, இஸ்ஸதியின் வெள்ளை அணைத்துணிகளை எடுத்து விரித்து, மேலே அரிசி டின்னை வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்துத் துணியைத் தூக்கிப் பார்த்தாள். துணியில் பதிந்திருந்தது வட்டமோ திட்டோ அல்ல. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு நீளத் தடங்கள், முழங்கால் வரும் இடத்தில் சரியாக முடிந்திருந்தன. துணிகளைத் தடம் உள்ளே மறையும்படி மடித்து வாளியில் போட்டாள். 

சாய்மானத்தில் அடுத்து ஏறியது. இடுப்பு. அதற்கு மேல் முதுகு, தோள். உச்சியில், தலை சாயும் இடத்தில், எண்ணெய்ப் பிசுக்கு போல ஒரு கறுத்த உருண்டை.

வீட்டுக்காரம்மாவுக்குச் செய்தி அனுப்பினாள்: அக்கா, இந்த சோபாவில் முன்னே யார் உட்காருவார்கள்? பதில் குரல்பதிவாக வந்தது. “தெரியல லா ஷாஹிரா, நான் வீடு வாங்கும்போதே இருந்துச்சு. பழைய ஆளுங்க விட்டுட்டுப் போனது. புது சோபா மாதிரி இருக்கேன்னு நானும் எடுக்கல. ஏன், கிழிஞ்சிருச்சா?”

அலாவுதீனை அழைத்தாள்.

“நான்தான் சொன்னேனே தங்கச்சி, பழசு ஏறும்னு. நுரையோட நிறுத்தியிருக்கலாம்.”

“ஆள் உக்காந்த மாதிரி ஏறுது, அண்ணே.”

 அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

“பிள்ளைய அந்த ஹால்ல வைக்காதீங்க.”

தொட்டிலிலிருந்து இஸ்ஸதியை எடுத்துப் படுக்கையறைக்குக் கொண்டுபோனாள். கூடத்து வாசலைத் தாண்டியதும் பிள்ளை வீறிட்டது. பால் கொடுத்தாள், குடிக்கவில்லை. தோளில் போட்டுத் தட்டினாள், யாசீன் ஓதி ஊதினாள், முகம் கறுத்துப்போகும்படி அழுதது. இப்படி அழுதால் மூச்சு நின்றுவிடும் என்று பயந்து கூடத்து வாசல் வரை எடுத்து வந்தாள். அழுகை நின்றது. ஓரடி பின்வாங்கினாள், ஆரம்பித்தது. ஓரடி முன்வைத்தாள், நின்றது. பெற்றவள் கையில் இருந்துகொண்டே பிள்ளை வேறு யாரிடமோ போகத் துடித்தது. ஷாஹிராவுக்குப் பயத்தோடு கூடவே, சொல்லவே வெட்கமான ஒரு பொறாமையும் வந்தது.

ஹஸ்ருலை அழைத்தாள். பின்னால் தட்டுகளின் சத்தம், யாரோ ரொட்டி கேட்கும் சத்தம்.

“அபாங், இப்பவே வீட்டுக்கு வாங்க.”

“கடையில கூட்டம், ஷா. பிள்ளைக்கு ஏதாச்சுமா?”

“சோபாவுல யாரோ உக்காந்திருக்காங்க.”

“யாரு வந்தா?”

 “வாங்க,” என்று மட்டும் திரும்பச் சொன்னாள். முதலாளியிடம் கேட்டுவிட்டுக் கிளம்புகிறேன் என்றான். பாலத்தைத் தாண்டிப் போகும் கப்பலையே நிறுத்தச் சொன்னது போல அவன் குரலில் ஒரு சலிப்பு இருந்தது.

அந்தி சாய்ந்து மக்ரிபு பாங்கு கேட்டபோது மழை விட்டிருந்தது. வீட்டுக்குள் வெளிச்சம் வற்றியிருந்தது. விளக்கு சுவிட்ச், சோபாவைத் தாண்டிய சுவரில். போகத் துணிவில்லை. வாசலிலிருந்தே பார்த்தாள். கைகள் வந்திருந்தன. தோளிலிருந்து இறங்கி, முழங்கையில் மடங்கி, முன்னால் கூடியிருந்தன. கைகளுக்குள்ளே ஓரிடம் மட்டும் நனையவில்லை. சந்தன நிறத்தில் அப்படியே காய்ந்து கிடந்தது, ஒரு சின்னத் தலையணை அளவுக்கு.

அது மடி. எதற்காகக் காய்ந்திருக்கிறது என்று ஷாஹிராவுக்குப் புரிந்துவிட்டது.

அறைக் கதவைச் சாத்தித் தாழிட்டாள். பிள்ளையைக் கட்டிலில் சுவரோரம் கிடத்தி, தன் உடம்பையே அணையாகப் போட்டு ஒருக்களித்துப் படுத்தாள். அழுகை அறையை நிறைத்தது. அழட்டும். அழுதால் இருக்கிறது என்று அர்த்தம். கூடத்தில் சோபாவின் ஸ்பிரிங் முனகியது. நின்றது. முனகியது. தாளம் தவறாமல், தொடையை ஆட்டிப் பிள்ளையைத் தூங்கவைக்கும் தாளத்தில். மதியம் குடித்த பந்தாங் மருந்தின் சூடு கண்ணை அழுத்தியது. தூங்கக்கூடாது. கையை இஸ்ஸதியின் வயிற்றின் மேல் வைத்திருந்தாள். சூடான வயிறு. ஏறி இறங்கியது. ஏறி இறங்கியது.

அமைதி எழுப்பியது.

அழுகை இல்லை. கைக்கடியில் மெத்தை. மெத்தை மட்டும்.

தாழ் போட்டபடியே இருந்தது.

திறந்தாள். கூடம். இருட்டு. காற்றாடி. புளித்த பால்.

அங்கேதான் இருந்தாள் இஸ்ஸதி. சோபாவின் நடுவில். காய்ந்த இடத்தில். ஓரத்தில் ஒரு விரல் இடம்கூட மிச்சமில்லை. கண் திறந்திருந்தது. மேலே பார்த்துக்கொண்டிருந்தாள், தலை சாயும் அந்தக் கறுப்பை. வாய் மெல்ல அசைந்தது, குடிப்பது போல.

ஷாஹிரா ஓடினாள். தையல் சுளீர் என்றது. பிள்ளையைப் பிடித்துத் தூக்கினாள். வரவில்லை. துணி ஒட்டவில்லை, எதிலும் மாட்டவில்லை. கொடுக்க மனமில்லாத ஒருத்தியின் கையிலிருந்து வாங்குவது போல இருந்தது.

“என் பிள்ளை,” என்றாள். “இது என் பிள்ளை.”

இழுத்தாள். ஒரு நொடி கனம். பிறகு விட்டுவிட்டது.

அடுப்படி மூலையில், கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் பிள்ளையை மார்போடு அணைத்தபடி உட்கார்ந்துவிட்டாள். எத்தனை நேரம் என்று தெரியாது. முன்கதவு திறந்தது. கூடத்தில் விளக்கு எரிந்தது. ஹஸ்ருலின் காலடி நடந்து, நின்றது.

“ஷா? யாரும் இல்லையே இங்க.” பிறகு, “அடடே. நல்லா எடுத்திருக்காரே மனுஷன்.”

அவள் எட்டிப் பார்த்தாள். சோபா காய்ந்திருந்தது. கறை இல்லை. தடம் இல்லை. கடையிலிருந்து இறக்கியது போல, கைப்பிடி முதல் கைப்பிடி வரை வெறும் சந்தன நிறம். ஹஸ்ருல் நிம்மதியாக அதில் உட்கார்ந்து காலுறையைக் கழற்றினான்.

“எல்லாமே போயிருச்சு லா,” என்றான்.

ஷாஹிரா தன் கைகளுக்குள் குனிந்து பார்த்தாள். இஸ்ஸதியைச் சுற்றியிருந்த வெள்ளைத் துணி ஈரமாக இருந்தது. பிரித்தாள். பிள்ளையின் நெஞ்சைச் சுற்றிப் பழுப்பாக ஒரு பட்டை, முதுகிலிருந்து வந்து முன்னால் முடிந்தது.

குழாயைத் திறந்தாள். துணியை நனைத்துத் துடைத்தாள். கறை துணியோடு வந்துவிட்டது. சட்டென்று, சுலபமாக. தோல் ரோஜா நிறத்தில் பளபளத்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்ல வாய் திறந்தாள்.

தோல் காயத் தொடங்கியது.

விலாவில் ஒரு விரல் ஏறியது. பக்கத்தில் இன்னொன்று. மேலிருந்து ஒட்டியதல்ல. உள்ளேயிருந்து. மூன்றாவது. நான்காவது. கடைசியாகக் கட்டைவிரல், நெஞ்சுக்குழிக்கு நேராக. இஸ்ஸதி அழவில்லை. அம்மாவைப் பார்க்கவும் இல்லை. அவளுடைய மூச்சு ஏறி இறங்கும் இடத்தில், காயக் காய, அந்தக் கை இறுகிக்கொண்டிருந்தது.