அறிவிப்பாளர் அப்பாவின் பல் கிளிப்

அந்த நிலையத்துக்கு ரயில்கள் தாமதமாக வருவதுண்டு. சில நாள் வராமலே போவதும் உண்டு. ஆனால் மிளகின் அப்பாவுடைய குரல் மட்டும் ஒரு நொடிகூடத் தாமதமாக வந்ததில்லை.

“பயணிகளின் கவனத்திற்கு...” என்று ஒலிபெருக்கியில் அவர் தொடங்கினால் போதும். அழுகிற குழந்தைகூட வாயை மூடிக்கொண்டு மேலே பார்க்கும். மிளகுக்கு அதில் தாங்க முடியாத பெருமை. வகுப்பில் யாராவது ஊருக்குப் போய்வந்தால், “எங்க அப்பா குரலைக் கேட்டியா?” என்பதுதான் அவளுடைய முதல் கேள்வி.

மிளகு என்பது செல்லப்பெயர். பத்து வயது. ஆள் சின்ன உருவம், பேச்சு மட்டும் சுருக்கென்று இருக்கும். கண்ணில் படும் எழுத்தையெல்லாம் படித்துவிடுவாள். பற்பசைக் குழாய், பிஸ்கட் உறை, பேருந்துச் சீட்டின் பின்பக்கம் எதுவும் அவளிடமிருந்து தப்பாது.

ஒரு வருடத்துக்கு முன் அவள் பல்லில் கிளிப் போட்டார்கள். அன்று அவள் வலியில் அழுதபோது அப்பா முதுகைத் தட்டிக்கொடுத்து, “இதெல்லாம் ஒரு வலியா? கொசு கடிச்ச மாதிரி!” என்றார்.

போன வெள்ளிக்கிழமை அதே மாதிரி ஒரு கிளிப் அவர் வாயிலும் ஏறியது.

அப்பாவின் முன்பற்கள் இரண்டும் சிறு வயதிலிருந்தே ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருப்பவை. மகளை அழைத்துப் போகும்போதெல்லாம் பல் டாக்டரின் நாற்காலியை ஆசையாகப் பார்ப்பார். கடைசியில் வெட்கத்தை விட்டுக் கேட்டேவிட்டார்.

“எனக்கு நாற்பத்திரண்டு வயசாகுது. இனிமே போடலாமா டாக்டர்?”

“உங்க பல்லு வயசெல்லாம் கேட்காது. உட்காருங்க” என்றார் டாக்டர்.

மறுநாள் சனிக்கிழமை, காலை பத்து மணி. அம்மா தன் தங்கைக்குக் குழந்தை பிறந்திருக்கிறது என்று நான்கு நாள் உதவிக்குப் போயிருந்தார். சாப்பாட்டு மேஜையில் அப்பா கன்னத்தைக் கையில் ஏந்திக்கொண்டு, எதிரியைப் பார்ப்பதுபோல ரொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னப்பா, கொசு கடிச்சிடுச்சா?” என்றாள் மிளகு.

“கொஷு இல்லம்மா. யானை மிதிச்ஷ மாதிரி இருக்கு” என்றார் அப்பா. சில எழுத்துகள் இடையிடையே கம்பியில் இடறின.

மிளகுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அப்பாவின் கண் ஓரம் ஈரமாக இருப்பதைப் பார்த்ததும் அது வந்த வழியே திரும்பிப் போனது.

“மூணு மணிக்கு எனக்கு வேலை. இந்த வாயை வெச்சுக்கிட்டு என்ன அறிவிக்கிறது? ரயில்ல ஏற வேண்டியவங்க எல்லாம் வீட்டுக்குத் திரும்பிடுவாங்க” என்று சொல்லிக்கொண்டே, வலி மாத்திரை அட்டையிலிருந்து இரண்டை டப் டப்பென்று உள்ளங்கையில் தட்டினார்.

“இருங்கப்பா! டாக்டர் ஒண்ணுதானே சொன்னாரு?”

“ஒண்ணு சின்ன வலிக்கு. இது பெரிய வலி.”

“காலையில வேற ஏதோ போட்டீங்களே?”

“அது சளி மாத்திரை. எட்டு மணிக்குப் போட்டேன். அது மூக்குக்கு, இது பல்லுக்கு. ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல.”

சளி மாத்திரை அட்டை தண்ணீர்க் குவளைக்குப் பக்கத்தில் கிடந்தது. மிளகு அதைப் பார்த்தாள். எழுத்து என்று இருந்தால் அவளால் சும்மா விட முடியாதே! எடுத்துத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தாள். அப்புறம் வலி மாத்திரை அட்டையைப் படித்தாள். மறுபடியும் முதல் அட்டைக்குப் போனாள்.

“அப்பா, மாத்திரையைக் கீழ வைங்க.”

“ஏம்மா?”

“ரெண்டு அட்டையிலயும் ஒரே பேரு இருக்கு. பாராசிட்டமால். இதுல அது மட்டும். சளி மாத்திரையில அதோட இன்னும் ரெண்டு மருந்து.”

அப்பா அட்டையை வாங்கினார். கையை நீட்டி எட்ட வைத்துப் பார்த்தார், கிட்டக் கொண்டுவந்து பார்த்தார். பிறகு மாத்திரைகளை மெதுவாக மேஜையில் வைத்தார்.

“அப்போ நான் ஏற்கெனவே போட்டதையே திரும்பப் போடப் பார்த்தேனா?”

“அப்படித்தான் நினைக்கிறேன்.”

சட்டென்று அப்பாவின் முகம் மலர்ந்தது. “உங்க அம்மாவுக்கு முதுகு வலிக்குன்னு கொடுத்தாங்களே, அந்தச் சிவப்பு மாத்திரை? அதுல நாலு மிச்சம் இருக்கு!”

“அது அம்மாவுக்கு எழுதிக் கொடுத்தது. உங்களுக்கு இல்ல.”

“வலி வலிதானே?”

மிளகு தொலைபேசியை எடுத்து மருந்துக்கடை அக்காவை அழைத்து, அப்பாவுக்கும் கேட்கும்படி மேஜைமேல் வைத்தாள். நடந்ததை ஒன்று விடாமல் சொல்லி, இரண்டு அட்டையிலும் இருந்த பெயரையும் அளவையும் எழுத்து எழுத்தாகப் படித்தாள்.

“சபாஷ்!” என்றது மருந்துக்கடை அக்காவின் குரல். “சார், உங்க பொண்ணு சொன்னது சரி. ரெண்டுலயும் ஒரே மருந்துதான். அளவு மீறினா கல்லீரலுக்கு ஆகாது. உங்களுக்கு வயித்துப் புண்ணு, வேற வியாதி, வேற மருந்து ஏதாவது உண்டா?”

“ஒண்ணும் இல்லம்மா.”

“அப்போ எட்டு மணியிலிருந்து ஆறு மணி நேரம் போகட்டும். ரெண்டு மணிக்குச் சாப்பிட்டுட்டு வலி மாத்திரை ஒண்ணு போடுங்க. ஒண்ணே ஒண்ணு. சளி மாத்திரையை இதோட சேர்க்காதீங்க. அட்டையில ஒரு நாளைக்கு எவ்வளவுன்னு போட்டிருக்கோ, அதைத் தாண்டக் கூடாது. அந்தச் சிவப்பு மாத்திரையைத் தொடவே வேணாம்.”

“மாத்திரையை முழுங்காம வலிக்கிற இடத்துலயே அடக்கி வெச்சுக்கிட்டா சீக்கிரம் கேட்குமில்ல?” என்று அப்பா ஆசையாகக் கேட்டார்.

“ஐயையோ, ஈறு வெந்துடும் சார்! தண்ணியோட முழுங்குங்க. ரெண்டு மூணு நாள்ல வலி அடங்கணும். அடங்கலைன்னா பல் டாக்டரைப் போய்ப் பாருங்க.”

பேச்சு முடிந்ததும் அப்பா சுவர்க் கடிகாரத்தைப் பரிதாபமாகப் பார்த்தார். “இன்னும் நாலு மணி நேரம் இருக்கே மிளகு.”

“அதை நான் பார்த்துக்கறேன்” என்றாள் மிளகு, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகுகிற பாவனையில் சட்டைக் கையை மடித்துவிட்டபடி.

முதலில் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் வந்தது. அப்பா கொப்பளித்தார். அடுத்து, துணியில் சுற்றிய ஐஸ்கட்டியைக் கன்னத்தில் ஒற்றச் சொன்னாள். உதட்டின் உள்பக்கத்தைக் கம்பி முனை உரசுகிறது என்று அவர் சொன்னதும், கிளிப்போடு டாக்டர் தனக்குக் கொடுத்திருந்த டப்பாவிலிருந்து மெழுகைக் கிள்ளி உருட்டிக் கொடுத்தாள். “இதைக் கம்பி மேல அமுக்குங்க. எனக்கும் இப்படித்தான் குத்திச்சு.”

அப்பா அமுக்கினார். உதடு தப்பித்தது.

“உனக்கும் இப்படியா வலிச்சுது?” என்று கேட்டார்.

“ஆமா.”

“நான் அன்னிக்கு என்னவோ கொசுன்னு உளறினேன். நீ மறுநாளே பள்ளிக்கூடம் போயிட்டே. என்னால நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியல. பெரிய ஆளும்மா நீ.”

மிளகுக்கு வெட்கமாகிவிட்டது. “சரி சரி, அறிவிப்பைச் சொல்லிப் பாருங்க” என்று பேச்சை மாற்றினாள்.

“பயணிகளின் கவனத்திற்கு. எக்ஷ்பிரெஷ்...” அப்பா நிறுத்தினார். “எக்ஷ்... எக்பிஷ்... சே!”

நான்கு தடவை முயன்றார். நான்கு தடவையும் அந்த ஒரு சொல் கம்பியில் மாட்டிக்கொண்டது.

மிளகு யோசித்தாள். “எக்ஸ்பிரஸை எதுக்குப்பா இழுத்துக்கிட்டு? ‘விரைவு ரயில்’னு சொல்லிப் பாருங்க.”

“விரைவு ரயில்” என்றார் அப்பா. வழுக்கிக்கொண்டு வந்தது. “விரைவு ரயில்! விரைவு ரயில்!” என்று வீடு முழுக்கச் சுற்றி வந்தார்.

மதியம் மசித்த உருளைக்கிழங்கும் தயிரும் சாப்பிட்டார். சரியாக இரண்டு மணிக்கு ஒரு மாத்திரையை விழுங்கினார். மிளகு ஒரு தாளில் நேரத்தைக் குறித்து அவர் சட்டைப்பையில் வைத்தாள். வீட்டில் வேறு யாரும் இல்லாததால் அவளும் கூடவே கிளம்பினாள்.

அறிவிப்பு அறை நடைமேடைக்கு மேலே, இரும்புப் படிக்கட்டின் உச்சியில் இருந்தது. ஒரு மேஜை, ஒரு மைக், ஒரு பெரிய கண்ணாடி ஜன்னல். மிளகு மூலையில் இருந்த முக்காலியில் உட்கார்ந்தாள்.

வந்ததுமே அப்பா கிளிப் விஷயத்தை நிலைய அதிகாரியிடம் சொல்லியிருந்தார். மூன்றே காலுக்கு அவர் மூச்சு வாங்க ஓடிவந்தார். “ஒண்ணாம் நடைமேடைக்கு வர வேண்டிய வண்டி நாலுக்கு வருது! ஏழு நிமிஷம்தான் இருக்கு. கூட்டம் முழுக்க ஒண்ணுல நிக்குது. உங்களால முடியுமா? இல்ல நான் பேசட்டுமா?”

“முடியும்” என்றார் அப்பா. மைக்கை இழுத்தார்.

“பயணிகளின் கவனத்திற்கு. ஒன்றாம் நடைமேடைக்கு வர வேண்டிய விரைவு ரயில், இப்போது நான்காம் நடைமேடைக்கு வருகிறது. நேரம் இருக்கிறது. ஓட வேண்டாம். குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொண்டு மேம்பாலம் வழியாகச் செல்லுங்கள்.”

மிளகு ஜன்னல் வழியே பார்த்தாள். நூறு நூற்றைம்பது தலைகள் ஒரே சமயத்தில் நிமிர்ந்தன. பெட்டிமேல் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த குடும்பம் பொட்டலத்தை மடித்தது. இரண்டு குழந்தைகளோடு திகைத்து நின்ற ஒரு பெண், ஒன்றை இடுப்பில் ஏற்றி, இன்னொன்றின் கையைப் பிடித்துக்கொண்டு படியேறினார். யாரும் இடிக்கவில்லை. யாரும் கத்தவில்லை.

மிளகு திரும்பி அப்பாவைப் பார்த்தாள். வலி இன்னும் முழுசாகப் போகவில்லை. அவருடைய இடது கை மேஜை விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தது. ஆனால் குரலில் அது ஒரு துளிகூடத் தெரியவில்லை. மூன்று முறை அதே அறிவிப்பைச் சொன்னார். மூன்று முறையும் அதே நிதானம். ‘எங்க அப்பா!’ என்று அவளுக்கு நெஞ்சு விம்மியது.

ரயில் வந்தது. எல்லோரும் ஏறினார்கள். நடைமேடை காலியானது.

“பிரமாதம் சார்!” என்றார் நிலைய அதிகாரி. அப்போதுதான் அப்பா கன்னத்தைப் பிடித்திருப்பதைக் கவனித்தார். உடனே சட்டைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார். “இந்தாங்க, என்னோட தலைவலி மாத்திரை. ரெண்டு போட்டா வலி பறந்துடும்.”

அப்பா கையை நீட்டவில்லை. மூலையிலிருந்த முக்காலியைக் காட்டினார்.

“அவங்ககிட்ட கொடுங்க. உள்ளே என்ன மருந்துன்னு படிச்சுச் சொல்லட்டும். எனக்குப் பல்லு டாக்டர் ஒருத்தர் இருக்காரு, மாத்திரைக்கு டாக்டர் இவங்கதான்.”

நிலைய அதிகாரி மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். பிறகு குனிந்து, அட்டையை இரண்டு கையாலும் மிளகிடம் கொடுத்தார்.